ஜோதி மேரியின் தகரக் கதவு

செம்மங்குப்பத்தில் மிஞ்சியிருந்த கடைசித் தேனீப் பெட்டி ஜோதி மேரி வீட்டுக் கொல்லையில் இருந்தது. சில வருடங்களுக்கு முன் மகளிர் குழுவுக்கென்று இலவசமாகப் பெட்டிகள் வந்தன. விருத்தாசலத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். போன பெண்கள் ஆளுக்கொரு பெட்டியும் முகத்துக்கு ஒரு வலையுமாக வேனில் வந்து இறங்கினார்கள். முதல் கோடையிலேயே பாதிப் பெட்டிகளில் எறும்பு ஏறியது. மீதியில் மெழுகுப் புழு விழுந்து, அடையெல்லாம் ஒட்டடை பிடித்து, ஈக்கள் கூட்டத்தோடு கிளம்பிப் போய்விட்டன. ராசம்மாள் வீட்டில் அந்தப் பெட்டிக்குள் இப்போது கோழி முட்டையிடுகிறது.

ஜோதி மேரியின் பெட்டி மட்டும் நின்றது. அவள் அதை விட்டு நகராததுதான் காரணம். சத்துணவுக் கூடத்து வேலைக்குப் போகுமுன் தினமும் கொல்லையில் குந்திவிடுவாள். பெட்டியின் அடிப்பலகையில் உதிர்ந்து கிடக்கும் தூளை விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்ப்பாள். மாவாக நசுங்கினால் அது மெழுகுத் தூள், பயமில்லை. கறுப்பாக, குறுமணியாக உருண்டால் புழுவின் எச்சம். எச்சம் என்று தெரிந்தால் அன்றைக்கே அடை கட்டியிருக்கும் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, புழு துளைத்த அடையை அறுத்து அடுப்பில் போடுவாள். பெட்டி நிற்கும் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில், எறும்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்க் கிண்ணம். ஈக்கள் குடிப்பதற்கு வேறொரு தட்டில், கால் வைத்து நிற்கக் கூழாங்கல் போட்டுத் தண்ணீர். ஈயைப் பிடித்துத் தின்னும் பஞ்சுருட்டான் குருவிகள் கரண்டுக் கம்பியில் வந்து உட்காரும் மாதங்களில் பழைய சிடிக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாள். இதில் எதுவும் பயிற்சியில் சொன்னதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு முறை கெடுத்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

தேன் என்று பெரிதாக வந்ததில்லை. வருடத்துக்குச் சில பாட்டில். கோயில் ஃபாதருக்கு ஒன்று, பிள்ளை பெற்ற வீடுகளுக்கு மருந்துக்குக் கொஞ்சம். பெட்டி அவளுக்கு வேறொன்றுக்காகத் தேவைப்பட்டது.

அவள் கணவர் சவரிராயன் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். இருமி இருமி இளைத்து இறந்தார். கம்பெனிக் காற்றால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து மகள் மேரி ஷாலினி அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஷாலினி சிதம்பரத்தில் நர்ஸ். மாடியில் வாடகை வீடு, கைக்குழந்தை.

"அங்க என்னா இருக்குதுன்னு ஒக்காந்துகெடக்குற? காத்துல வாடை, தண்ணி மஞ்சளா வருது. அப்பாவக் குடுத்தது பத்தாதா?"

"ஈ இருக்குதுடி."

"அம்மா, நான் என்னா பேசுறேன், நீ என்னா பேசுற?"

"ஈக்கு மூச்சு நம்மளவிட மெல்லிசு. காத்து கெட்டா மொத அதுதான் சாவும். அது பொழச்சிக்கெடக்குற எடத்துல நான் கெடக்கக் கூடாதா? சொல்லு, நீ படிச்சவதான."

இதைக் கேட்டதும் ஷாலினி போனை வைத்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் ஜோதி மேரி இதே பதிலைச் சொல்லித்தான் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டாள். அந்த வீட்டின் சுவர் எழும்பியபோது அவளே கல் சுமந்திருக்கிறாள். சவரிராயனின் கல்லறை நடந்து போகிற தூரத்தில் இருந்தது. ஆனால் இதையெல்லாம் சொன்னால் மகள் அழுவாள், வாதாடுவாள். ஈயைச் சொன்னால் வாயடைத்துப் போவாள்.

புயல் வந்த வருடம் பெட்டி இடுப்பு உயர இரும்பு ஸ்டாண்டின்மேல் இருந்தது. காற்று ஸ்டாண்டோடு சாய்த்துவிட்டது. கொல்லை வேம்பும் விழுந்தது. கவிழ்ந்த பெட்டியைத் தண்ணீருக்குள் முழங்காலிட்டு நிமிர்த்தி, கயிறு கட்டி, சமையலறைக்குள் வைத்து எப்படியோ காப்பாற்றினாள். பாதி ஈ போய்விட்டது, ராணி ஈ தப்பியது. மறு வாரமே ஸ்டாண்டை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப்போய்க் கால்களை அறுத்துவிட்டாள். இனி ஒரு செங்கல் உயரம்தான், எந்தக் காற்றும் தள்ளாது என்று நினைத்தாள்.

தள்ளவில்லை. தேரை வந்தது.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. ஈ குறைந்துகொண்டே வந்தது. எறும்பும் இல்லை, புழுவும் இல்லை. ஒரு காலை பெட்டி முன்னால் விரல் பருமனில் கறுப்பாக எச்சம் கிடந்தது. குச்சியால் கிளறிப் பார்த்தாள். உள்ளே முழுக்க ஈயின் தலையும் காலும் றெக்கையும். அன்று விளக்கு வைத்த பிறகு கொல்லைக் கதவைச் சத்தமில்லாமல் திறந்து பார்த்தாள். மூன்று தேரைகள் பெட்டி வாசலுக்கு நேராக, கோயிலில் குந்தியிருப்பதுபோல வரிசையாகக் குந்தியிருந்தன. காவல் ஈ ஒன்று வாசலுக்கு வந்தது. நாக்கு நீண்டது தெரியவில்லை. ஈ இல்லை, அவ்வளவுதான்.

எறும்புக்கு வைத்த கிண்ணத் தண்ணீரின் ஈரத்துக்குத்தான் அவை வந்தன. தண்ணீரை எடுத்தால் எறும்பு ஏறும். வைத்தால் தேரை வரும். ஸ்டாண்டை உயர்த்தினால் அடுத்த புயல். அவள் தேரைகளைச் சாக்கில் பிடித்துப் போட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டாள். பக்கத்து வீட்டுப் பக்கிரி மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே பார்த்தார். சவரிராயனும் அவரும் மச்சான் மச்சான் என்று பழகியவர்கள். அதனால் ஜோதி மேரி அவருக்குத் தங்கச்சி.

"என்னா தங்கச்சி, சாக்கு துள்ளுது? கெடாக்குட்டியா?"

"தேரைண்ணே."

"எங்க கூட்டிக்கினு போற, சாமியார்கிட்ட ஞானஸ்நானம் குடுக்கவா?"

"வாய்க்காலுக்கு அந்தாண்ட வுடப்போறேன்."

"வுடு வுடு. ஒனக்கு முன்னாடி அது வூடு வந்து சேந்துரும். பஸ்சு காசுகூட கேக்காது."

அவர் சொன்னபடிதான் ஆயிற்று. அதே தேரைகளோ வேறு தேரைகளோ, மறுநாளும் குந்தியிருந்தன. கருவேல முள்ளைச் சுற்றிப் போட்டாள். முள்ளுக்கு அடியில் புகுந்து வந்தன. கடைசியில் அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். பிஸ்கட் டின் மூடியை வெட்டி, ஆணியால் துளைகள் அடித்து, வாசலில் செருகி எடுக்கிற மாதிரி ஒரு கதவு செய்தாள். பொழுது சாய்ந்து ஈக்கள் உள்ளே அடைந்ததும் தகரத்தைச் செருகிவிடுவாள். விடியும்போது உருவிவிடுவாள். கோடையில் புழுக்கம் தாங்காமல் ஈக்கள் வாசலுக்கு வெளியே தாடி மாதிரி தொங்கும். கோழி இறகால் மெதுவாக நீவி உள்ளே அனுப்பிவிட்டுத்தான் மூட வேண்டும். துளை போதவில்லையோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்து இன்னொரு வரிசை அடித்தாள். வேம்பு போனதால் நிழலும் போயிருந்தது. வெயில் ஏறியதும் ஒரு பழைய பிளெக்ஸ் பேனரைப் பெட்டிக்கு மேலே இழுத்துக் கட்டுவாள். அந்தியில் காற்றில் படபடக்காமலிருக்க அவிழ்த்து வைப்பாள்.

ஈ பெருகியது. ஆனால் அவளால் ஒரு ராத்திரிகூட வெளியே தங்க முடியாமல் போயிற்று. பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக்கூடக் காலை பஸ்சில் சிதம்பரம் போய்ப் பொழுது சாயுமுன் திரும்பிவிட்டாள்.

"எங்க வூட்ல ஒரு ராத்திரி படுத்தா ஒனக்கு என்னா கொறஞ்சிபூடும்?" என்றாள் ஷாலினி.

"கதவு சாத்தணும்டி."

"எந்தக் கதவு?"

"ஈயோட கதவு."

ஷாலினியின் கணவன் அருள் பிரகாஷ் சிரித்துவிட்டான். ஷாலினி சிரிக்கவில்லை.

வைகாசி வெயில் காலம். அன்று இன்னும் சரியாக வெளுக்கவில்லை. ஜோதி மேரி அடுப்பில் டீத்தண்ணீர் வைத்திருந்தாள். டம்மென்று ஒரு சத்தம். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வாடை வந்தது. அந்த ஊர்க்காரர்கள் வாடைகளை ஆளை அடையாளம் தெரிவதுபோலத் தெரிந்து வைத்திருப்பவர்கள். இது அழுகிய முட்டைக்கோஸ் வாடை, இது நகப்பூச்சு வாடை, இது மழைக்கு முன் வருகிற புளித்த வாடை. அன்று வந்தது இவற்றில் எதுவாகவும் இல்லை. மூக்குக்குள் பிளீச்சிங் பவுடரைக் கொட்டியதுபோலிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. தெருவில் ஆட்கள் ஓடினார்கள். ஒரு கம்பெனியில் டேங்க் வெடித்துவிட்டது, எல்லாரும் ஏறுங்க ஏறுங்க என்று ஜீப்பில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு வந்தார்கள்.

ஜோதி மேரி சேலைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். தகரக் கதவு மூடியிருந்தது. உள்ளே ஈக்கள் விடியலை உணர்ந்து இரையத் தொடங்கியிருந்தன. தகரத்தின் நுனியைப் பிடித்து உருவப் போனாள். கை நின்றது.

திறந்தால் ஈக்கள் எல்லாம் இந்தக் காற்றுக்குள் போகும். வருடா வருடம் ஊருக்கு வந்து விபத்து ஒத்திகை நடத்தியவர்கள் சொல்லிக் கொடுத்தது அவளுக்கு மனப்பாடம்: வாடை வந்தால் கதவு ஜன்னலை மூடு, இடுக்கில் ஈரத்துணியை அடை. மனிதருக்குச் சொன்னது மெல்லிய மூச்சுக்கார ஈக்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும் என்று நினைத்தாள். தொட்டியில் ஒரு சாக்கை முக்கிப் பெட்டியைச் சுற்றிப் போர்த்தினாள். துண்டை நனைத்துத் தகரத் துளைகள்மேல் வைத்து அமுக்கினாள். மதியத்துக்குள் வந்துவிடலாம், பத்து மணிக்கெல்லாம் வந்துவிடலாம் என்றும் நினைத்தாள். பிளெக்ஸ் சுருட்டியபடி சுவரோரம் கிடந்தது. அதை எடுத்துக் கட்டுவதற்குள் ஒரு போலீஸ்காரர் உள்ளே வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

செம்மண்டலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லாரையும் இறக்கினார்கள். உப்புமா கொடுத்தார்கள். சுவேதா என்றொரு டாக்டர் பெண் எல்லார் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தாள். ஜோதி மேரி வாசல் படியை விட்டு நகரவில்லை. மண்டபத்து நிழல் ரோட்டில் எவ்வளவு சுருங்குகிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் சுருங்கச் சுருங்க அவளுக்குப் பெட்டிக்குள் நடப்பது தெரிந்தது. சூடு ஏறினால் ஈக்கள் வெளியே போய்த் தண்ணீர் கொண்டுவந்து அடையில் தெளிக்கும். வாசலில் நின்று றெக்கையால் விசிறும். அப்படித்தான் எந்தக் கோடையையும் தாண்டின. இன்று தண்ணீருக்குப் போக வழியில்லை. விசிறினால் காற்று போக வழியில்லை. ஈரச் சாக்கு இந்நேரம் காய்ந்திருக்கும்.

வாசலில் நின்ற போலீஸ்காரப் பெண்ணிடம் போனாள்.

"அம்மா, ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துர்றேன். கதவத் தொறந்து வுட்டுட்டு வந்துருவேன்."

"வூட்ல யாராச்சும் மாட்டிக்கினாங்களா?"

"ஈ."

"என்னது?"

"தேனீ. பெட்டியில அடச்சிட்டு வந்துட்டேன்."

அந்தப் பெண் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஆடு மாட்ட வுட்டுட்டு வந்தவங்களே கம்முனு ஒக்காந்திருக்காங்க. நீ ஈக்கு அழுவுறியா? போம்மா, போய் ஃபேனுக்கடியில ஒக்காரு. அங்க யாரையும் வுட ஆர்டர் இல்ல."

அப்போதுதான் ஜோதி மேரிக்குப் பக்கிரி மண்டபத்தில் இல்லை என்பது உறைத்தது. அவர் மாடு நிறைசினை. போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். நிழல் படிக்கட்டு அடிக்கு வந்துவிட்டது. கடைசியில் எடுத்தார்.

"மெதுவாப் பேசு தங்கச்சி. மாட்டுக் கொட்டாயில பதுங்கியிருக்கேன். போலீஸ் கண்டா தூக்கிக்கினு பூடுவான்."

"வாடை எப்பிடி இருக்குதுண்ணே?"

"காலையிலயே போச்சு. இப்ப ஒண்ணுமில்ல. மாடு நல்லா அசை போடுது."

"அண்ணே, ஒன் காலப் புடிக்கிறேன். எங்கொல்லையில போயி அந்தப் பெட்டிக் கதவ உருவி வுடு."

போன வருடம் அவருக்குக் கண் இமையில் ஒரு கொட்டு விழுந்திருந்தது. "வேற எது கேட்டாலும் செய்வேன். கம்பெனிக்குள்ள போயி வால்வ மூடச் சொல்லு, மூடுறேன். அந்தப் பூச்சிகிட்ட மட்டும் அனுப்பாத."

"வெந்து செத்துரும்ணே. ஒன் மாட்டக் கொட்டாயில வச்சிப் பூட்டித் தீ வச்சாப் பாத்துக்கினு இருப்பியா?"

"சரி, சரி, ஏன் மாட்ட இழுக்குற? வூட்ல பொண்டாட்டி பொடவை இருக்குது, போத்திக்கினு போறேன். போன வைக்காத, லைன்லயே இரு. செத்தா சாட்சி வேணும்."

செருப்புச் சத்தம் கேட்டது. முள்ளை விலக்குகிற சத்தம் கேட்டது. ஜோதி மேரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சாக்கு அப்பளம் மாரி காஞ்சி கெடக்குது."

"எடுத்துப் போடு. உள்ள இரையுதா? காது குடுத்துக் கேளு."

"காதக் குடுக்கவா? கொம்பால தட்டிப் பாக்குறேன் இரு." டொக் டொக் என்று கேட்டது. "ஒண்ணும் இரையல. எல்லாம் தூங்குது போல. நல்லதாப் போச்சு."

"கதவ உருவு."

"வரமாட்டேங்குது. ஒட்டிக்கிச்சி. இரு... வந்துருச்சி. அட!" பக்கிரியின் குரல் திடீரென்று எழும்பியது. "தங்கச்சி, தேன் ஒழுகுது! வாசல்ல இருந்து கொழகொழன்னு ஒழுகுது. எம்மாந் தேனு! வீணாப் போவுது, ஒரு சொம்பு கொண்டாந்து புடிக்கட்டா?"

ஜோதி மேரி படியில் உட்கார்ந்தாள். அடை உருகாமல் தேன் ஒழுகாது. ஈ உயிரோடு இருந்தால் அடையை உருக விடாது.

"தங்கச்சி? லைன்ல இருக்கியா? சொம்பு எடுத்தாரட்டா?"

"வேணாம்ணே. நீ போ. மாட்டப் பாரு."

மறுநாள் ஊருக்குள் விட்டார்கள். ஷாலினி குழந்தையைக் கணவனிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அம்மா பெட்டியைத் திறப்பதை அவள் கொல்லைக் கதவில் சாய்ந்து பார்த்தாள். மேல் மூடி மெழுகில் ஒட்டியிருந்தது, கத்தியால் நெம்ப வேண்டியிருந்தது. அடைகள் சட்டங்களிலிருந்து கழன்று ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. அடிப்பலகை முழுக்க ஈக்கள், நனைந்து, கறுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, வாசல் பக்கம் கனமாகக் குவிந்திருந்தன. பக்கிரி உருவிப் போட்டிருந்த தகரத்தின் துளைகளில் தலை மாட்டியபடியே பல செத்திருந்தன. கட்டெறும்பு தேன் வழியே ஏறி உள்ளே போய்க்கொண்டிருந்தது. ஜோதி மேரி எறும்பைத் தட்டவில்லை. விரலால் குவியலை விலக்கி விலக்கி நீளமான ராணியைத் தேடினாள். கிடைத்ததும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். ஊதிப் பார்த்தாள்.

"பாத்தியா?" என்றாள் ஷாலினி. அவள் குரலில் வெற்றி இல்லை, களைப்புதான் இருந்தது. "நீதான சொன்ன, காத்து கெட்டா மொத இதுதான் சாவும்னு. இப்ப செத்துப்போச்சு. இனிமே என்னா சொல்லுவ?"

"காத்துல சாவல."

"அம்மா."

"சத்தியமா ஷாலினி. பக்கிரி அண்ணன் நாளெல்லாம் இங்கதான் இருந்தாரு, ஒரு தும்மல் இல்ல. அவரு மாடு ராவுல கன்னு போட்டுருக்குது, போயிப் பாரு. காத்து ஒண்ணும் பண்ணல. கதவத் தொறந்து வுட்டுட்டுப் போயிருந்தா ஒண்ணுகூட செத்திருக்காது. நாந்தான் ஈரத்துணி வச்சி அடச்சி, மூச்சுமுட்ட வச்சிக் கொன்னுட்டேன்."

ஷாலினி பக்கத்தில் வந்து குந்தினாள். அம்மாவின் கையில் இருந்த ராணியைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எதுக்கு அடச்ச?"

ஜோதி மேரி ராணியை விரலால் திருப்பிப் போட்டாள்.

"எதுக்கும்மா அடச்ச? காத்துக்குப் பயந்துதான?"

பக்கத்துக் கொல்லையில் பசு கன்றை நக்குகிற சத்தம் கேட்டது. ஜோதி மேரி பதில் தேடினாள். ஒவ்வொரு முறையும் கையில் தயாராக இருந்த பதில் அன்று இல்லை. ராணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். பிறகு, அவிழ்த்துக் குவியலிலேயே போட்டாள்.

கிண்ணங்களில் இருந்த தண்ணீரைக் கொசு முட்டை வைக்குமென்று கவிழ்த்தாள். தட்டுத் தண்ணீரையும் கவிழ்த்தாள். ஷாலினி உள்ளே போய் ஒரு பையில் சேலைகளை மடித்து வைத்தாள். சவரிராயனின் படத்தை எடுக்கவா என்று கேட்டதற்கு ஜோதி மேரி தலையாட்டினாள். அது சரி என்பதா வேண்டாம் என்பதா என்று ஷாலினிக்குப் புரியவில்லை. படத்தைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

ரோட்டுக்கு வந்தபோது பக்கிரி ஒரு சொம்பில் சீம்பாலோடு எதிரே வந்தார். பையைப் பார்த்தார், ஷாலினியைப் பார்த்தார். ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவர் விழுங்கிக்கொண்டார்.

"இந்தா, பேரப்புள்ளைக்குக் குடு," என்று சொம்பை நீட்டினார். "பொழுது சாயறதுக்குள்ள வந்துருவியில்ல, தங்கச்சி?"

"தெரியலண்ணே," என்றாள் ஜோதி மேரி. சிதம்பரம் பஸ் வந்தது. சொம்பைத் தளும்பாமல் பிடித்துக்கொண்டு ஏறினாள்.